வானமெல்லாம் கரடிமீன்

ஒரு குளக்கரையில் முள்ளம்பன்றி ஒன்று வாழ்ந்தது. பகலெல்லாம் வளையில் தூங்கும். இருட்டியதும் கிழங்கு தோண்டக் கிளம்பும். அதற்கு வழித்துணை வானத்து மீன்கள்தான். வடக்கே ஏழாக நின்றவற்றை ‘எழுமீன்’ என்றது. தெற்கே வளைந்த பனைபோல் தெரிந்த கூட்டத்தை ‘முடப்பனை’ என்றது. மற்ற விலங்குகளும் அப்படியே சொல்லத் தொடங்கின.

கரடிக்கு இது பொறுக்கவில்லை.

“பனைமரத்துக்குக்கூட வானத்தில் இடம் இருக்கிறது, எனக்கு இல்லையா? இனி எல்லாமே கரடிமீன்! மாற்றிச் சொன்னால் ஒரே அறை!”

“எல்லாவற்றுக்கும் ஒரே பெயரா, கரடியாரே?”

“எதிர்த்தா பேசுகிறாய்?”

கரடியின் கையைப் பார்த்தது முள்ளம்பன்றி. வாயை மூடிக்கொண்டது. அன்றுமுதல் பழைய பெயர்களைச் சொல்ல எல்லாரும் பயந்தார்கள்.

கோடை வந்தது. குளம் வற்றிச் சேறும் வெடித்தது. தெற்கே, பெரிய பொட்டலுக்கு அப்பால், ஆறு ஓடியது. பகலில் பொட்டலைக் கடந்தால் வெயிலே கொன்றுவிடும். இருட்டியதும் கரடி எல்லாரையும் கூட்டியது.

“கரடிமீனைப் பார்த்து நடங்கள். ஆறு வந்துவிடும்!”

மான்கள் கிழக்கே ஒரு கரடிமீனைப் பார்த்து நடந்தன. முயல்கள் மேற்கே இன்னொன்றைப் பார்த்து ஓடின. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கரடியே சுற்றிச் சுற்றி வந்தது! கடைசியில் எல்லாம் களைத்துப்போய்க் காய்ந்த குளத்துக்கே திரும்பின.

“எந்தக் கரடிமீன் ஐயா?” என்று முயல் கத்தியது.

“பெரியது!”

“எது பெரியது?”

கரடி அண்ணாந்து வானத்தைத் துழாவியது. அதற்குள் ஒரு மான்குட்டி நாக்கு வறண்டு சுருண்டு விழுந்தது.

“முள்ளக்கா, ஏதாவது செய்யுங்களேன்!” என்று தாய்மான் அழுதது.

அன்றே வாயைத் திறக்காமல் போனோமே என்று முள்ளம்பன்றிக்கு நெஞ்சு சுட்டது. முள்ளெல்லாம் சிலிர்க்கக் கரடியின் முன்னால் போய் நின்றது.

“அறைவதானால் அறையுங்கள். கையில் முள் குத்தினால் என்னைத் திட்டாதீர்கள்!” என்றது. பிறகு திரும்பி, “முடப்பனை முகத்துக்கு நேரே! எழுமீன் முதுகுக்குப் பின்னே! நடங்கள்!” என்று உரக்கக் கூவியது.

யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. குட்டியைக் கரடியே தூக்கிக்கொண்டது. விடியுமுன் ஆறு சலசலத்தது! குட்டி வயிறு உப்பக் குடித்தது.

கரடி வெட்கத்தோடு வந்து முள்ளம்பன்றியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

“அதோ, மூன்றாக நிற்கிறதே... அதற்கு என்ன பெயர்?”

“இன்னும் வைக்கவில்லை. உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?”

“மூன்று கோல் நட்டதுபோல.”

“அப்படியானால் அது முக்கோல்!” என்றது முள்ளம்பன்றி.

“முக்கோல்! முக்கோல்!” என்று முயல்கள் துள்ளின. கரடி வாய்விட்டுச் சிரித்தது.

தற்பெருமைக்காக வைத்த பெயர் ஆபத்தில் உதவாது. பத்துப் பேருக்கு விளங்கும் பெயரே வழிகாட்டும்.