மாலை போட ஒரு படம்

“எத்தனை தடவை வரைஞ்சாலும் நான் வரமாட்டேங்கிறேன், டீச்சர். அவதான் வர்றா” என்றாள் செங்கமலம்.

ஏரிக்கரை ஓவியக்கூடத்தில் அன்று பனி ஜன்னல் வழியாக வந்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. எந்தப் பொருளுக்கும் ஓரம் தெரியவில்லை.

டீச்சர் உமையாள் செங்கமலத்தைவிட இளையவள். தாளை வாங்கிப் பார்த்தாள். சாய்ந்த கழுத்து, தாழ்ந்த கண், அரைச் சிரிப்பு. சாட்சாத் அப்சரஸ்.

“அழகா இருக்காளே, அக்கா.”

“இருப்பா. அவளுக்கு வேற என்ன வேலை?”

செங்கமலம் பாதி ஆயுளை ஓவியர்கள் முன்னால் அசையாமல் உட்கார்ந்தே கழித்தவள். மோகினி, நாட்டியக்காரி, குளிக்கப் போகிறவள் என்று அவர்கள் சொன்னதெல்லாம் ஆனாள். ஊர்ப்பட்ட வரவேற்பறைகளில் அவள் உடம்பு தொங்குகிறது. யார் இவள் என்று கேட்டால் ஒருவருக்கும் பேர் தெரியாது. நினைத்தால் இதைச் சொல்லும் எனக்கே வயிறு எரிகிறது.

“நான் போனப்புறம் மாலை போட வீட்ல ஒரு படம் வேணும். அது நானா இருக்கணும். இவளுக்கு மாலை போட்டா என் மகளே யாருன்னு கேப்பா.”

“எப்படி வரையறீங்க?”

“கண்ணாடி முன்னால உட்கார்றேன். உட்கார்ந்ததும் கழுத்து தானா சாயுது. யாரும் சொல்லாமலே.”

உமையாள் கரித்துண்டை அவள் கையில் கொடுத்தாள். கண்ணாடியை மறைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு நான் மாடல், நீங்க ஓவியர். எப்படி உட்காரணும், சொல்லுங்க.”

செங்கமலத்துக்கு அந்த வார்த்தைகள் மனப்பாடம். தோளை இறக்கு. முந்தானையைக் கொஞ்சம் விடு. அசையாதே.

அவற்றைச் சொல்ல வாயெடுத்தாள். எதிரில் இருந்தவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“உங்களுக்கு எப்படி வசதியோ, அப்படி உட்காருங்கம்மா.”

இப்படி ஒரு வார்த்தையை எந்த ஓவியரும் அவளிடம் சொன்னதே இல்லை.

உமையாள் கண்ணாடிக்கு வழிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பனிக்குள் கண்ணாடி மட்டும் இருந்தது. அதில் ஒருத்தி கழுத்தைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

“நீ சொல்லு, தாயி” என்றாள் செங்கமலம். “உனக்கு எப்படி உட்காரணும்?”

கண்ணாடிக்குள் இருந்தவள் நிமிர்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

“ம். இப்ப வரைஞ்சுக்கோ” என்றாள்.