புடலம்பிஞ்சுக்குக் கல் கட்டிய கதை

அந்தக் காலத்தில் காய்கறிகளுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? பூசணி பாகலைக் கேலி பேசும், பாகல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பந்தலடியில் ஓயாத சளசளப்பு.

அந்தப் பந்தலை வைத்திருந்தவள் வேம்பாயி. அவள் மகள் முத்தரசிக்குப் பன்னிரண்டு வயது. கிடுகிடுவென வளர்கிற பருவம். ஒரு நாள் மகளுக்குத் தலை பின்னிவிட்ட வேம்பாயிக்குப் பகீரென்றது. பின்னல் நடுமுதுகில் விழாமல் ஒதுங்கிக் கிடந்தது. குனியச் சொல்லிப் பார்த்தாள். முதுகில் ஒரு பக்கம் மேடு தட்டியிருந்தது. முதுகெலும்பு வளைந்து ஓடியது.

"இடுப்பில் குடம் சுமக்க வைத்தேனே, என் பாவம்தான் இது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் எந்தக் குடத்தைச் சுமந்தேன் அத்தை?" என்று பந்தலிலிருந்து ஒரு குரல் கேட்டது. விரல் நீளப் புடலம்பிஞ்சு. அதுவும் கொக்கிபோல வளைந்திருந்தது. "வளர்கிறபோது எங்களில் சிலர் இப்படி ஆகிவிடுகிறோம். யார் மேலும் பழி போடாதீர்கள்."

வேம்பாயிக்கு அழுகை நின்றது. பழி இல்லையென்றால் வழி தேட வேண்டியதுதானே? மூங்கில் சிம்பைச் சீவி, பருத்தித் துணி சுற்றி, மகளின் உடம்புக்கு அளவாக ஒரு பட்டை செய்தாள். வளர்ந்து முடிகிறவரை கட்டியிருந்தால் வளைவு மேலும் அதிகமாகாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

முத்தரசி அதைத் தொடவே மாட்டேன் என்றாள். ஆற்றங்கரையில் மற்றப் பெண்கள் சிரிப்பார்களாம். உம்மென்று பந்தலடியில் போய் உட்கார்ந்தாள்.

"கட்டிக்கொள்ளேன்" என்றது பிஞ்சு.

"சொல்வது சுலபம். உனக்கு ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் தெரியும்."

பூசணியும் பாகலும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. பிஞ்சு கொஞ்சம் யோசித்தது. "கட்டு. நான் கட்டிக்கொண்டால் நீயும் கட்டிக்கொள்ள வேண்டும்."

முத்தரசி வீம்புக்கு ஒரு கூழாங்கல்லை வாழைநாரில் முடிந்து பிஞ்சின் நுனியில் கட்டினாள். பூசணி வயிறு குலுங்கச் சிரித்தது. பிஞ்சுக்கு வலித்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவிழ்க்கச் சொல்லவில்லை. முத்தரசிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய் அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"கட்டும்மா" என்றாள்.

பிஞ்சு பத்தே நாளில் நேராக நீண்டுவிட்டது. முத்தரசிக்கோ மூன்று வருஷம் பிடித்தது. சில நாள் பட்டையை வீசியெறிந்தாள், அழுதாள், மறுபடி தானே எடுத்து வந்தாள். வளைவு முழுசாகப் போகவில்லை, மேலும் அதிகமாகாமல் நின்றது. பட்டையை அவிழ்த்த அன்று ஆற்றில் அக்கரைவரை நீந்திவிட்டு வந்தாள். பின்னல் இன்னும் கொஞ்சம் ஒதுங்கித்தான் விழுந்தது. "விழட்டுமே" என்றாள்.

அந்தப் புடல் எப்போதோ விதையாகியிருந்தது. அடுத்த விதைப்புப் பட்டத்தில் அதன் வழிவந்த கொடியில் ஒரு பிஞ்சு வளைந்து தொங்குவதைக் கண்ட முத்தரசி, கூழாங்கல்லும் நாருமாகப் பந்தலடிக்குப் போனாள். இந்தத் தடவை பூசணி சிரிக்கவில்லை. அன்று முதல்தான் புடலங்காய்க்குப் பிஞ்சிலேயே கல் கட்டுகிறோம். விளைந்ததும் மறக்காமல் அவிழ்த்தும் விடுகிறோம்.