மேற்குச் சுவரில் மஞ்சள்

"டீச்சர், அந்தக் கேமராவை எதுக்கு அருளப்பன்கிட்ட கொடுத்தீங்க?"

கேட்டவர் கூத்தபெருமாள். இருபத்திரண்டு வருஷம் வயரிங் வேலை பார்த்தவர். வீடுகளில் கரண்ட் எங்கே வீணாகிறது, சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலையைக் கற்க ஜெபராணியிடம் சேர்ந்திருந்தார். ஜெபராணி அவரைவிடப் பத்து வயது இளையவர்.

அருளப்பனும் அதே நாளில் சேர்ந்தவன்தான். அதற்கு முன்னால் ஜவுளிக்கடையில் சேலை விற்றவன்.

"கரண்ட் வயர்ல எது பேஸ், எது நியூட்ரல்னு அவனுக்குத் தெரியாது. சூட்டைக் காட்டுற கேமரா அவன் கையில. ஏணி என் தோள்ல."

ஜெபராணி ஒரு முகவரிச் சீட்டை நீட்டினார்.

"ரெண்டு பேரும் போங்க. அவர் பேசட்டும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

கூத்தபெருமாளுக்கு வயிறு எரிந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்காரம்மா வாசலிலேயே புலம்ப ஆரம்பித்தாள். பின்னறையில் ஏசி ராப்பகலாக ஓடுகிறதாம்.

'நிறுத்த வேண்டியதுதானே' என்று கூத்தபெருமாள் மனதுக்குள் சொன்னார்.

"உள்ளே யாரு இருக்காங்கக்கா?" என்று அருளப்பன் கேட்டான்.

"எங்க வீட்டுக்காரர். மரத்துல இருந்து விழுந்துட்டார். முதுகெலும்புல அடி. உடம்பு வேர்க்கவே மாட்டேங்குது தம்பி. ஏசியை நிறுத்தினா நெருப்பா கொதிக்குது."

அருளப்பன் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனான். படுத்திருந்தவரிடம் ஏதோ சொன்னான். அவர் சிரித்தார். அவர் சிரித்து மாசக்கணக்காச்சு என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதுவும் கூத்தபெருமாளுக்குப் பொறுக்கவில்லை.

அருளப்பன் கேமராவைத் தூக்கிப் பிடித்தான். திரையில் மேற்குச் சுவர் முழுக்க இளஞ்சிவப்பு; சூடு ஏற ஏற நிறம் மஞ்சளாகும். ஏசி சுவிட்சைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பளீரென்று மஞ்சள்.

"வெயில்தான்கா. வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சு, நிழலுக்கு ஒரு பச்சை வலை கட்டிடுங்க. ஏசி ஓடுறது பாதியாக் குறையும்."

கூத்தபெருமாள் அந்த மஞ்சளைப் பார்த்தார். வெயில் உள்ளங்கை அகலத்துக்கு அடிக்காது. உள்ளே வயர் லூஸ். கருகிக்கொண்டிருக்கிறது.

வாயைத் திறக்கக் கூடாது என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். இவன் வெயில்னே எழுதட்டும். கொண்டுபோய்க் காட்டட்டும். டீச்சர் பார்க்கட்டும்.

வேலை கற்கச் சேர்ந்த இந்த மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் மனசு குளிர்ந்தது.

வண்டி தெருமுனை திரும்பியது.

"நிறுத்துப்பா."

"ஏன்ணே?"

"அது வெயில் இல்லை. உள்ளே வயர் கருகுது."

அருளப்பன் முகம் வெளிறியது. வண்டியை அப்படியே திருப்பினான்.

கூத்தபெருமாள் மெயினை அணைத்துவிட்டுச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். ரப்பர் உருகிக் கரியாகச் சொட்டியிருந்தது. கீழே, ஒரு முழம் தள்ளி, படுத்திருந்தவரின் தலையணை. அவர் மனைவி ஈரத்துணியால் அவர் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அருளப்பன் டார்ச் பிடித்தான்.

ஏசி மறுபடி ஓடியதும் அவள் ஓடிவந்து அருளப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இருப்பே தம்பி."

"ஐயோ, நான் இல்லக்கா, அண்ணன்தான்..."

அது அவள் காதில் விழவே இல்லை.

சாயங்காலம் கூத்தபெருமாள் ஜெபராணியின் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க சொன்னதை மீறிட்டேன், டீச்சர். பேசிட்டேன்."

"எப்ப?"

"உடனே இல்லை." அவர் தலை குனிந்தது. "தெருமுனை வரைக்கும் பேசாமத்தான் போனேன்."

ஜெபராணி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"இப்பவும் அருளப்பனைப் பார்த்தா வயிறு எரியுது, டீச்சர். அது போகலை." என்றார் கூத்தபெருமாள்.

"வயர் மாத்தினீங்களா?"

"மாத்திட்டேன்."

"புதுசா?"

"புதுசு. கனமான வயர்."

"கையெல்லாம் கரியா இருக்கு," என்றார் ஜெபராணி. "கழுவிட்டு வாங்க. அருளப்பன் உங்களுக்காக இன்னும் சாப்பிடாம உட்கார்ந்திருக்கார்."