நாணல்துறையார் போர் நடத்திய ஆண்டு

வடக்கே ஓர் அரசர், தெற்கே ஓர் அரசர், இருவருக்கும் நடுவே ஓர் ஆறு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய கதை இது. அந்த ஆண்டு சித்திரையில் இரண்டு பேருக்கும் சண்டை மூண்டது. யார் தொடங்கினார்கள் என்று வடக்கே கேட்டால் தெற்கைக் காட்டினார்கள். தெற்கே கேட்டால் வடக்கைக் காட்டினார்கள்.

ஆற்றின் வடகரையில் நாணல்துறை என்று ஓர் ஊர். பரிசல் ஓட்டிப் பிழைக்கிற ஜனங்கள். சொன்ன சொல்லை மீறவே மாட்டார்கள். சொன்னதற்கு மேல் ஒரு விரற்கடை யோசிக்கவும் மாட்டார்கள். ஊர்த்தலைவன் பூதன். அவன் தம்பி காடன். பூதனின் மனைவி கொற்றிக்கு ஊரிலேயே பெரிய புத்திசாலி என்று பெயர். பேசுவதற்கு முன்னால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், அதனால்.

வடக்கு அரசரின் படைத்தலைவர் விழுப்பரையர் குதிரையில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பெரிய முரசும் வண்டியில் வந்தது.

"நன்றாகக் கேளுங்கள். தெற்கத்தியான் இந்தத் துறைக்குத்தான் வருவான். அவன் கால் நம் ஆற்றுத் தண்ணீரில் படக்கூடாது. நம் நெல் ஒரு மணிகூட அவனுக்குக் கிடைக்கக்கூடாது. அவன் தலை தெரிந்ததும் முரசைக் கிழியக் கிழிய அடியுங்கள், கோட்டையிலிருந்து நான் வந்துவிடுவேன். இதில் ஒன்று தவறினாலும் ஊரைக் கொளுத்திவிடுவேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊரே நடுங்கிப் போனது. உத்தரவை மறந்துவிடக் கூடாதே என்று இரண்டு மாதம் அதையே சொல்லிக்கொண்டு பரிசல் ஓட்டினார்கள்.

ஆனி மாதம் ஒரு காலையில் எதிர்க்கரையில் அறுநூறு தலைகள் தெரிந்தன. தெற்குப் படை. நடுவில் ஒரு யானை. முன்னால் தளபதி வயிரன்.

காடன் ஓடிப்போய் முரசை ஓங்கி மூன்று அடி அடித்தான். தோல் அப்படியே இருந்தது.

"அண்ணி, கிழிய மாட்டேங்குது!"

"கிழியலைன்னா ஊரைக் கொளுத்துவாரே!" என்று கொற்றி அரிவாளை எடுத்துவந்தாள். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று தோலைக் கிழித்துக் கொடுத்தாள். அதன்பிறகு காடன் கை ஓயும்வரை அடித்தான். தொப், தொப் என்றது. பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்கவில்லை. ஓர் உத்தரவு ஒழுங்காக முடிந்தது என்று மூவரும் பெருமூச்சு விட்டார்கள்.

அதற்குள் எதிர்க்கரையில் ஒரு வீரன் தண்ணீரில் இறங்கக் காலைத் தூக்கினான்.

"ஐயோ, காலை எடுங்க! கால் படக்கூடாது!" என்று பூதன் அலறினான். வீரன் பயந்து காலை எடுத்துவிட்டான்.

"இப்ப என்ன பண்றது? அவங்க வராம விடமாட்டாங்க போலிருக்கே," என்றான் காடன்.

கொற்றி கண்ணை மூடினாள். திறந்தாள். "வரக்கூடாதுன்னு யார் சொன்னா? கால்தானே படக்கூடாது? பரிசல் எதுக்கு இருக்கு?"

இருபது பரிசல்கள் திரும்பத் திரும்பப் போயின. அறுநூறு பேரையும் கால் நனையாமல் ஏற்றிவந்தார்கள். ஒருவனுக்கு மட்டும் கட்டைவிரல் தண்ணீரில் பட்டுவிட்டது. கொற்றி அதை முந்தானையால் துடைத்து, "இனிமே பார்த்து ஏறு," என்று கடிந்துகொண்டாள்.

கடைசியில் யானை நின்றது.

"இதுக்கு நாலு காலு," என்றான் காடன் கவலையோடு.

பூதன் யானையைச் சுற்றிவந்து பார்த்தான். "கவலைப்படாதே. 'அவன் கால்'னுதான் உத்தரவு. இது பொட்டை யானை."

யானை நடந்தே வந்தது.

கரையேறிய படை நேரே நெற்குதிருக்குப் போனது. பூதன் குறுக்கே விழுந்து படுத்தான். "நெல்லு ஒரு மணி தரமாட்டோம்! எங்க ஊரைக் கொளுத்திடுவாங்க!"

வயிரன் வாளை உருவினான். "தராவிட்டால் நான் கொளுத்துவேன்."

இரண்டு பக்கமும் நெருப்பு. கொற்றி இந்த முறை ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று காடன் தொட்டுப் பார்த்தான்.

"நெல்லுதானே கூடாது?" என்றாள். "குத்தினா அரிசி. வடிச்சா சோறு. சோத்தைப் பத்தி அவர் வாயே திறக்கலையே!"

ஊரே உலக்கையைத் தூக்கியது. சாயங்காலத்துக்குள் அறுநூறு பேருக்கும் இலை போட்டு, சோறு போட்டு, மிளகு தூக்கலாக வைத்த ஆற்றுமீன் குழம்பை ஊற்றினார்கள்.

வயிரனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இருபது வருஷம் போரில் திரிந்தவன். வேல் எறிந்த எதிரிகளைப் பார்த்திருக்கிறான். கால் நனையாமல் அழைத்துவந்து, முள் எடுத்த மீனாகப் பார்த்துப் போடுகிற எதிரியை இப்போதுதான் பார்க்கிறான். காடனைக் கூப்பிட்டான்.

"உண்மையைச் சொல். உங்கள் படை எங்கே?"

"கோட்டையிலங்க."

"நாங்கள் வந்தது அவர்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? முரசு அடிச்சோமே!"

"சத்தமே கேட்கவில்லையே?"

"கேக்காதுங்க. உத்தரவுப்படி கிழிச்சிட்டுத்தானே அடிச்சோம்."

வயிரனின் முகம் வெளுத்தது. சத்தம் கேட்காத முரசு! "எத்தனை பேர் வருவார்கள்?"

"அதெல்லாம் தெரியாதுங்க. நீங்க நிதானமா சாப்பிடுங்க. அவர் வந்துடுவாரு."

"பொறி!" என்று கத்தினான் வயிரன். "இலையை விட்டு எழுந்திருங்கள்! ஓடுங்கள்!"

அறுநூறு பேரும் எச்சில் கையோடு ஆற்றைப் பார்த்து ஓடினார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைவிட வேகமாக ஓடினார்கள். "நில்லுங்க! கால் நனைஞ்சிடும்!" என்று கெஞ்சி, இழுத்து, தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்து, ஒருவன் விடாமல் அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். யானை தானாகவே போய்விட்டது.

மூன்றாம் நாள் விழுப்பரையர் வந்தார்.

"எதிரி வந்தானாமே! எத்தனை பேரைக் கொன்றீர்கள்?"

"கொல்லச் சொல்லலையே ஐயா," என்றான் பூதன்.

"பிறகு எப்படி ஓடினான்?"

"சோறு போட்டோம். ஓடிட்டாங்க."

விழுப்பரையர் கிழிந்த முரசைப் பார்த்தார். எச்சில் இலைக் குவியலைப் பார்த்தார். பிறகு, கள்ளிமுள்ளால் தன் தோளில் நாலு கீறல் கீறிக்கொண்டு அரசரைப் பார்க்கப் போய்விட்டார். தன்னந்தனியாக அறுநூறு பேரை விரட்டியதற்காக அவருக்கு ஒரு பட்டம் கிடைத்தது.

தெற்கே வயிரனும் தன் அரசரிடம் சொன்னான்: வடக்கே காதில் விழாத முரசும் கண்ணில் படாத படையும் இருக்கின்றன என்று. அந்த அரசருக்குத் தூக்கம் போனது. ஐப்பசியில் சமாதானம் பேசினார்கள். ஆற்றின் நடுமத்தியே எல்லை என்று முடிவாயிற்று.

எல்லைக்கல் நடும் பொறுப்பு, துறையைக் காத்த ஊர் என்பதால், நாணல்துறைக்கே வந்தது. ஓலை கொண்டுவந்தவர் உரக்கப் படித்தார்: "கல்லை ஆற்றின் நடுவில் வைக்கவும். எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைக்கவும். கல் எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை."

தை பிறந்தது. ஆறு இருகரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் வைத்தார்கள், கல் முழுகிப்போனது. முக்குளித்து எடுத்து மறுபடி வைத்தார்கள். மறுபடி முழுகியது.

"கண்ணுக்குத் தெரியணுமே," என்றான் பூதன் அழாத குறையாக.

கொற்றி கண்ணை மூடித் திறந்தாள். "பரிசல்ல வை."

"கட்டிப் போடணுமா அண்ணி?"

"ஓலையில கட்டுன்னு இருக்கா? வைன்னுதானே இருக்கு?"

நடு ஆற்றில், பரிசலுக்குள், பூ சுற்றிக் கல்லை வைத்தார்கள். எல்லோர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது. கும்பிட்டுவிட்டு நீந்திக் கரையேறித் திரும்பிப் பார்த்தால், பரிசல் ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே கிளம்பிவிட்டது.

"எல்லை போகுது! எல்லை போகுது!" என்று மூவரும் கரையோரமாகவே நாலு நாள் ஓடினார்கள். ஆறு கடலில் கலந்தது. எல்லையும் அலைமேல் ஏறி இறங்கி, புள்ளியாகி, மறைந்தது.

காடன் அரண்மனைக்குப் போய் வடக்கு அரசர் முன்னால் நின்றான்.

"கல்லை வைத்தாயிற்றா?" என்று கேட்டார் அரசர்.

"வெச்சாச்சு மகாராஜா. வெச்ச நாள்லேர்ந்து நாடு பெருசாகிக்கிட்டே போகுது. கடைசியாப் பார்த்தப்ப கடலுக்குள்ள ரொம்ப தூரம் போயிருந்துச்சு. அண்ணனும் அண்ணியும் கரையிலேயே உக்காந்திருக்காங்க. எல்லை திரும்பி வந்தா பிடிச்சு வெச்சுடுவாங்க. அதுவரைக்கும் எந்த ஊர் யாருதுன்னு யாராவது கேட்டா, எல்லை வெளியில போயிருக்கு, வந்ததும் சொல்றோம்னு சொல்லிடுங்க."