பவளனின் தடித்த கால்கள்

மலையடிவாரக் காட்டில் ஒரு குதிரைக் கூட்டம் இருந்தது. அந்தக் காட்டில் செந்நாய்களின் தொல்லை அதிகம். அதனால் கூட்டம் எங்கே ஓடினாலும் ஒரு குதிரை எல்லாருக்கும் கடைசியாக ஓடிவரும். துரத்தி வரும் செந்நாய்களைப் பின்னங்காலால் உதைத்து விரட்டுவது அதன் வேலை. அதற்குக் கடைக்காவல் என்று பெயர். அதைவிடப் பெரிய பதவி குதிரைகளுக்குக் கிடையாது.

ஒவ்வொரு வருடமும் சித்திரை பிறந்ததும் எல்லாக் குதிரைகளும் வேங்கை மரத்தடியில் வரிசையாக நிற்கும். யாருடைய கால் தடிமனோ அவருக்கே கடைக்காவல். யார் வைத்த வழக்கமோ, எதற்காக வைத்தார்களோ, கேட்டவர் யாரும் இல்லை.

நான்கு வருடங்களாக அந்தப் பதவி மருதி என்ற பெண்குதிரையிடம் இருந்தது. அவள் கால்கள் பவளனின் கால்களைவிட ஒரு நூல்தான் தடிமன்.

பவளன் செம்பழுப்பு நிறக் குதிரை. அழகன்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருந்தது. சுனைக்குப் போனால் முதலில் முகத்தைப் பார்த்துக்கொள்வான், பிறகுதான் தண்ணீர் குடிப்பான். அப்பேர்ப்பட்டவனுக்கு வருடா வருடம் ஒரு நூலில் பதவி தவறிப்போனால் எப்படி இருக்கும்? உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

அந்த வருடம் பங்குனியிலேயே நல்ல மழை பெய்துவிட்டது. ஓடைக்கரைப் பள்ளத்தில் புல் தளதளவென்று வளர்ந்தது. மற்ற குதிரைகள் காலையில் அங்கே கொஞ்சம் மேய்ந்துவிட்டு, வழக்கம்போல் கல்மேட்டில் ஏறி, மாலை வரை அலைந்து திரும்பும். பவளன் இடத்தை விட்டு நகரவில்லை. வாயருகே விருந்து இருக்கும்போது கல்லில் ஏற எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டான். நின்ற இடத்திலேயே தின்றான், நின்ற இடத்திலேயே தூங்கினான்.

பத்தாம் நாள் காலையில் குனிந்து பார்த்தால், பின்னங்கால்கள் இரண்டும் முட்டிக்குக் கீழே குளம்பு வரைக்கும் கும்மென்று தடித்திருந்தன! முன்னங்கால்களும் கொஞ்சம் உப்பியிருந்தன. பவளனுக்குத் தலைகால் புரியவில்லை. தின்ற புல்லெல்லாம் பலமாகிக் காலில் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான்.

அவன் முதுகில் வந்து உட்காரும் மைனாவிடம் முதலில் காட்டினான். மைனா இறங்கி வந்து அலகால் காலை அழுத்திப் பார்த்தது. அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"அண்ணே, சதையாக இருந்தால் குழி விழாது. உள்ளே நீர் கோத்திருக்கிறது. புல்லைக் குறைத்துக்கொண்டு நாலு நாள் நடந்து பாருங்கள்" என்றது.

"ஈர்க்குச்சிக் காலை வைத்துக்கொண்டு நீ எனக்குக் கால் பாடம் நடத்துகிறாயா?" என்றான் பவளன்.

என்னமோ போங்கள் என்று சொல்லிவிட்டு மைனா பறந்துவிட்டது. அதன்பின் தினமும் காலையில் அடியெடுத்து வைக்கும்போது கால்கள் விறைத்தன. ராஜநடை என்றால் மெதுவாகத்தான் இருக்கும் என்று பவளன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சித்திரை பிறந்தது. வேங்கை மரத்தடியில் அவன் கால்களைப் பார்த்துக் கூட்டமே வாயைப் பிளந்தது. மருதிக்கு மட்டும் சந்தேகம். அவளுக்குக் குட்டி பிறந்து எட்டே நாள் ஆகியிருந்தது.

"பவளா, அந்த மேடு வரைக்கும் ஒரு தரம் ஓடிக் காட்டேன்" என்றாள்.

ஓடச் சொல்வது வழக்கத்தில் இல்லை என்று பவளன் தலையை நிமிர்த்திச் சொன்னான். பெரிய குதிரைகளும் ஆமாம் போட்டன. மருதி அதற்குமேல் வாதாடவில்லை. இனி என் குட்டியின் உயிர் உன் பொறுப்பு என்று மட்டும் சொன்னாள். என் காலைத் தாண்டி ஒரு செந்நாய் வந்துவிடுமா என்று அவன் சிரித்தான்.

மூன்றாம் நாள் பிற்பகலில் ஏழு செந்நாய்கள் வந்தன.

கூட்டம் கல்மேட்டை நோக்கிப் பறந்தது. பவளன் கடைசியாகக் கிளம்பினான். இருபது அடி ஓடியிருக்கமாட்டான், கால்கள் மரக்கட்டையாகிவிட்டன. அந்த நேரம் பார்த்து மருதியின் குட்டி கல் தடுக்கி விழுந்து பின்தங்கிவிட்டது. செந்நாய்கள் இருவரையும் வளைத்துக்கொண்டன. பவளன் ஓங்கி உதைத்தான். கால் பாதிதான் எழும்பியது. ஒரு செந்நாய்கூட விலகி நிற்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குட்டி போய்விடும். அவன் வாழ்நாளில் சொல்லாத வார்த்தையைச் சொன்னான்.

"மருதி, என்னால் முடியவில்லை! வா!"

குட்டியைத் தன் வயிற்றுக்கடியில் தள்ளி நின்றுகொண்டான். தொடையில் ஒரு கடி விழுந்தது, அசையவில்லை. தோளில் இன்னொன்று விழுந்தது, அப்போதும் அசையவில்லை. அதற்குள் மருதி புழுதி பறக்க வந்துவிட்டாள். அவள் விட்ட முதல் உதையில் ஒரு செந்நாய் புதரில் போய் விழுந்தது. இரண்டாவது உதையில் இன்னொன்றின் தாடை பெயர்ந்தது. மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டன.

மறுநாள் பவளனே போய்க் கடைக்காவலை மருதியிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் அவனைத் திட்டவில்லை, விடவும் இல்லை. கடிகாயம் ஆறியதும் தினமும் கல்மேட்டில் நடக்க வைத்தாள். பள்ளத்துப் புல்லில் ஒரு வாய்க்கு மேல் தின்ன விடவில்லை. குளிர்ந்த ஓடையில் நிற்கச் சொன்னாள். வீக்கம் வடிந்து, கால்கள் பழையபடி மெலிந்தன.

அடுத்த சித்திரையில் பெரிய குதிரைகள் மறுபடியும் கால்களைப் பார்க்க வந்தன. "பார்த்தது போதும், ஓடச் சொல்லுங்கள்" என்றான் பவளன். எல்லாக் குதிரைகளும் ஓடின. மருதி முதலில் வந்தாள். பவளன் ஒரு கழுத்து நீளம் பின்னால் இரண்டாவதாக வந்தான். அந்த இரண்டாம் இடத்துக்கு அவன் நிமிர்ந்த நிமிர்வைப் பார்க்க வேண்டுமே! காடே தனக்குத்தான் என்பதுபோல் நின்றான். மருதியின் குட்டி ஓடிவந்து அவன் பக்கத்தில் அதேமாதிரி நிமிர்ந்து நின்றது.

வீக்கத்தைப் பலம் என்று நம்பிப் பெருமை பேசுகிறவன், தன்னை நம்பி இருப்பவர்களைத்தான் முதலில் ஆபத்தில் விடுகிறான்.