ஆயிரம் வண்டி நெருப்பு

மேற்கே மலையும் கிழக்கே கடலும் எல்லையாக இருந்த ஒரு நாட்டை, வெகு காலத்துக்கு முன் மகரவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அடுத்த நாட்டைவிடத் தன் நாடு ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவனை விடாது.

ஒருநாள் வடக்கே குளிர் நாட்டிலிருந்து ஒரு தூதர் வந்தார். ஒரு நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை எப்படி அறிவது என்று விருந்தின் நடுவே அரசன் அவரைக் கேட்டான். தங்கள் ஊரில் அதற்கு ஓர் அளவு உண்டு என்றார் தூதர். எந்த நாடு தன் வேலைகளுக்கு அதிக நெருப்பைப் பயன்படுத்துகிறதோ அதுவே முன்னேறிய நாடு. தங்கள் நாட்டில் நாளொன்றுக்கு ஆயிரம் வண்டி விறகு எரிகிறது என்று பெருமையாகச் சொன்னார்.

அரசன் தன் நாட்டில் விசாரித்தான். முந்நூறு வண்டிகூடத் தேறவில்லை. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஆணை பிறந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பு பகல் முழுவதும் எரிய வேண்டும். உப்பளத்தில் இனி உப்பை வெயிலில் விளைவிக்கக் கூடாது; கடல் நீரைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்ச வேண்டும். மலையடிவாரக் காட்டில் மரங்கள் சாயத் தொடங்கின. ஊரெல்லாம் இருமல்.

அந்த அவையில் சாத்தையன் என்ற விகடகவி இருந்தான். அவன் பேசினால் அரசன் சிரிப்பான். சிரித்து முடித்ததும் அவன் சொன்னதைக் கேட்பான். தலைமை அமைச்சர் மகுடேசருக்கு இது நெடுநாள் எரிச்சல். ஆணையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாமே என்று சாத்தையன் வாய் திறந்ததும், இதுதான் சமயம் என்று அவர் எழுந்தார்.

“வேந்தே, இவ்வளவு தெரிந்தவரிடமே நெருப்பின் பொறுப்பை ஒப்படைத்துவிடலாமே” என்றார்.

அரசனுக்கு அது சரியென்று பட்டது. நாட்டு வேலைக்கு ஒரே நாளில் ஆயிரம் வண்டிக்குக் குறையாத நெருப்பு செலவாவதை முப்பது நாளுக்குள் சாத்தையன் தூதரின் கண்முன் காட்ட வேண்டும், தவறினால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஓலை எழுதப்பட்டது. அன்று மாலையே, கோட்டைச் சுவரைப் பழுது பார்க்கப் போகிறோம் என்று சொல்லி நாட்டிலிருந்த வண்டிகளையெல்லாம் மகுடேசர் பிடித்து வைத்துக்கொண்டார்.

சாத்தையனுக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டு நாள் கால்போன போக்கில் நடந்து உப்பளத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே வடிவாச்சி என்ற பெண் கொப்பரை முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தீக்கொப்புளம். சாத்தையன் தன் கதையைச் சொன்னான். அவள் துடுப்பைக் கீழே வைத்தாள்.

“ஒரு வண்டி வெறகு எரிச்சா ஒரு மூட்ட உப்புதான்யா தேறுது. பாத்தியில விட்டா வெயிலு சும்மாவே காய்ச்சிக் குடுத்திரும். அந்த நெருப்ப மட்டும் ராசா ஏன் சேத்துக்க மாட்டேங்காரு?”

சாத்தையன் ஓலையை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். படித்து முடித்ததும் கொப்பரைகளை இறக்கச் சொன்னான். நெருப்பின் பொறுப்பு இப்போது தன்னுடையது என்றும், பழையபடி பாத்திகளில் கடல் நீரைப் பாய்ச்சலாம் என்றும், ஒரே ஒரு கொப்பரை மட்டும் மிஞ்சட்டும் என்றும் சொன்னான்.

முப்பதாம் நாள் அரசனும் தூதரும் மகுடேசரும் உப்பளத்துக்கு வந்தார்கள். ஒரு வண்டி விறகு, ஒரு கொப்பரை. தூதரே அருகில் இருந்து பார்த்தார். விறகு முழுவதும் எரிந்து தீர்ந்தபோது ஒரு மூட்டை உப்பு கிடைத்தது. அதற்குள் வடிவாச்சியும் மற்றவர்களும் பாத்திகளில் அன்று விளைந்த உப்பை வாரிக் கரையில் குவித்துவிட்டார்கள். ஆயிரத்து நானூறு மூட்டை.

“ஒரு மூட்டைக்கு ஒரு வண்டி நெருப்பு” என்றான் சாத்தையன். “இன்று இங்கே செலவானது ஆயிரத்து நானூறு வண்டி, வேந்தே.”

மகுடேசர் குறுக்கே வந்தார். இது ஏமாற்று வேலை, விறகே இல்லாத இடத்தில் நெருப்பு ஏது என்றார்.

சாத்தையன் ஓலையை அரசனிடம் நீட்டினான். “இதில் விறகு என்ற சொல் எங்கும் இல்லை. நெருப்பு என்றுதான் இருக்கிறது. அது தரையில்தான் எரிய வேண்டும் என்றும் தாங்கள் எழுதவில்லை.”

அரசன் ஓலையைப் படித்தான். அண்ணாந்து பார்த்தான். கண் கூசியது. தூதர் என்ன சொல்லப் போகிறாரோ என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவர் சூடான உப்புக் குவியலில் கையை வைத்தபடி மெதுவாகச் சொன்னார்: “எங்கள் ஊரில் ஆறு மாதம் சூரியனே தெரியாது. குளிருக்காக எரிக்கிறோம். எரித்து எரித்து அதுவே பெருமையாகிவிட்டது.”

அரசனுக்கு இன்னொரு சந்தேகம். நம் நாட்டில் விழும் வெயிலில் நாம் பயன்படுத்துவது எவ்வளவு என்று கேட்டான்.

“இந்தப் பாத்திகளிலும் நெற்களங்களிலும் வயல்களிலும் விழுவது மட்டும்தான், வேந்தே. மற்றதெல்லாம் சும்மா விழுந்து சும்மா போகிறது” என்றான் சாத்தையன்.

“அப்படியானால் நாம் இன்னும் தொடங்கவே இல்லை” என்றான் அரசன். சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். முன்னேறிவிட்டோம் என்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். அங்கேயே ஆணையைத் திரும்பப் பெற்றான். கழுத்திலிருந்த முத்துமாலையைச் சாத்தையனுக்குப் போட்டான். பிடித்து வைத்த வண்டிகளைக் கொண்டுவந்து ஆயிரத்து நானூறு மூட்டையையும் மகுடேசரே ஏற்றி அனுப்ப வேண்டும் என்றான்.

யோசனை தன்னுடையது இல்லை என்று சாத்தையன் வடிவாச்சியை முன்னால் அழைத்தான். என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது அவள் பொன் கேட்கவில்லை.

“கடல் தண்ணிய ஏத்தம் எறச்சே எங்களுக்கு இடுப்பு போகுது ராசா. காத்து இங்கன சும்மாதான் வீசுது. அதயும் ஒரு வேலைக்கு வையுங்க.”

கப்பல் தச்சர்கள் நாற்பது பேர் வந்தார்கள். காற்றில் சுற்றித் தண்ணீர் இறைக்க அவர்கள் முதலில் செய்த சக்கரம் ஒரே காற்றில் முறிந்தது. இரண்டாவது சுற்றியது, தண்ணீர் ஏறவில்லை. அடுத்த பங்குனியில் மூன்றாவது சக்கரத்தில் கப்பல் பாய் கட்டிவிட்டார்கள். கடற்காற்று அதைப் பிடித்துத் திருப்பியதும், யாரும் தொடாமலே தண்ணீர் ஏறி முதல் பாத்தியில் விழுந்தது. ஏற்றத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.