எட்டே முக்கால் டிகிரி

குளிர் நாடு ஒன்றில் ஒரு தாங்கி இருந்தது. தொலைநோக்கிக் குழலைத் தோளில் சுமந்துகொண்டு, பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அதை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே போவதுதான் அதன் வேலை. அப்படித் திருப்பினால் கேமராவில் நட்சத்திரம் புள்ளியாக விழும். மயிரிழை பிசகினாலும் கோடாக இழுத்துவிடும். பதினோரு வருஷ உழைப்பில் தாங்கி ஒரு கோடுகூட இழுத்ததில்லை. அந்தப் பெருமை அதற்கு நிறையவே இருந்தது.

இன்னொரு பெருமையும் இருந்தது. இந்த வகைத் தாங்கியின் அச்சு எப்போதும் துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அந்த நாட்டில் துருவ நட்சத்திரம் வானத்தில் பாதிக்கும் மேலே நிற்கும். ஆகவே தாங்கியும் பிறந்ததிலிருந்து ஐம்பத்திரண்டு டிகிரியில் தலை நிமிர்ந்தே நின்றது. அது அந்த ஊரின் கணக்கு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. தன் குணம் என்றே அது நினைத்துக்கொண்டது.

தாங்கியை வைத்திருந்தவருக்குக் கண் மங்கியது. நன்றாக வேலை வாங்கத் தெரிந்த ஒருவருக்கு இதைச் சும்மாவே கொடுத்துவிடுகிறேன் என்று, வானம் பார்க்கிறவர்களின் குழு ஒன்றில் எழுதினார். பல நாட்டுக்காரர்கள் கேட்டார்கள். அவர் தேர்ந்தெடுத்தது தூத்துக்குடியில் துறைமுகத்து கிரேன்களைப் பராமரிக்கும் அமலோற்பவத்தை. நாற்பத்தாறு வயது. பகலெல்லாம் பற்சக்கரங்களோடு பழகுகிறவள். அவளிடம் நல்ல குழல் இருந்தது, கேமரா இருந்தது. இரண்டையும் நடுங்காமல் பிடிக்க ஒன்றுதான் இல்லாமல் இருந்தது.

கனத்தைக் குறைப்பதற்காகத் குழலின் கனத்துக்கு ஈடாக மறுபக்கம் தொங்கும் எதிரெடையை அங்கேயே விட்டுவிட்டு, மீதியைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவைத்தார்கள். தேய்ந்துபோன கிரேன் சக்கரம் ஒன்றை லேத்தில் கடைந்து, நடுவில் துளை போட்டு, அமலோற்பவம் புது எதிரெடை செய்தாள். அதைத் தாங்கியின் தண்டில் மாட்டியபோது எதிரெடை முதலில் கேட்டது:

"என்னவே, எந்த ஊரு நீரு?"

"ஐம்பத்திரண்டு டிகிரி" என்றது தாங்கி.

"அது காய்ச்சலா?"

தாங்கி அதற்குப் பிறகு அதனோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்த இரண்டு நாளும் அமலோற்பவம் தாங்கியைத் திருகு திருகாகக் கழற்றினாள். குளிருக்குப் போட்ட கிரீஸ் வெயிலில் உருகி அழுக்கோடு கலந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புது கிரீஸ் வைத்தாள். பற்சக்கரத்தையும் அதைத் தள்ளும் திருகுத்தண்டையும் சேர்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கினால் சிக்கிக்கொள்ளும், தளர்ந்தால் ஆட்டம் கொடுக்கும். அந்தக் கையின் பக்குவம் தாங்கிக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை அது வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவள் தாங்கியின் பின்பக்கத்து போல்ட்டைச் சுற்றி, அதன் தலையைத் தாழ்த்தத் தொடங்கினாள். நாற்பது, முப்பது, இருபது. பதினெட்டில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே போகக் கூடாது என்று கையேட்டிலும் எழுதியிருந்தது. தூத்துக்குடிக்கு வேண்டியதோ எட்டே முக்கால். கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். தாங்கி அசையவில்லை.

"இதற்கு மேல் நான் குனிய மாட்டேன்" என்றது தாங்கி.

"நான் பார்த்த தாங்கியெல்லாம் குனிந்தது" என்றது குழல். அதற்கு வெள்ளை வர்ணம், பளபளக்கும் கண்ணாடி, தன்னால்தான் படமே வருகிறது என்ற எண்ணம். "உனக்கு மட்டும் என்ன?"

"எனக்கு ஒரு நிலை இருக்கிறது."

அந்த நிலையிலேயே ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்று அமலோற்பவம் அன்று மொட்டை மாடியில் குழலை ஏற்றினாள். இரண்டு நிமிஷம் ஓடிய படம் கேமராவின் திரையில் வந்தது. நட்சத்திரம் ஒவ்வொன்றும் சீரகம் போல நீண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் முத்துக்கிளி மாடிக்கு ஏறி வந்தாள். உப்பளத்தில் வேலை பார்ப்பவள். அங்குள்ள பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. சங்கம் பன்னிரண்டு வருஷம் போராடி, தங்களுக்கென்று ஒரு கூடம் கட்டி முடித்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு. முன் சுவரில் என்ன படம் மாட்டுவது என்பதில் பெரிய வாக்குவாதமாம். சாமி படம் என்றால் எந்தச் சாமி, தலைவர் படம் என்றால் எந்தத் தலைவர். கடைசியில் முத்துக்கிளிதான், நம்ம அளத்துக்கு மேலே தெரிகிற வானத்தை மாட்டுவோம், அதில் யாருக்கும் சண்டை வராது என்று சொல்லி எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். எடுத்துத் தருவது அமலோற்பவம் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டாள். அதற்குள் நிலவு இல்லாத மாலை நான்குதான் மிச்சம்.

அமலோற்பவம் திரையை அவளிடம் காட்டினாள். முத்துக்கிளி குனிந்து பார்த்தாள்.

"வெள்ளியெல்லாம் வழுக்கி விழுந்த மாதிரில்லாக்கா இருக்கு."

"தாங்கி குனிய மாட்டேங்குது, கிளி. இது நல்ல தாங்கிதான். ஆனா இந்த ஊருக்கு ஒத்து வரல. வடக்க மலைமேல ஒரு காலேஜ்ல கேட்டுருக்காங்க. அனுப்பிரலாம்னு பாக்கேன். நிமிந்து நின்னு வேல பாத்துக்கிடும்."

தாங்கி இதைக் கேட்டது. முதலில் அதற்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவ்வளவு வடக்கே துருவ நட்சத்திரம் இதைவிட உயரத்தில் நிற்கும். யாரும் தலையைப் பிடித்து அழுத்த மாட்டார்கள். ஆனால் அணைக்க மறந்த திரையில் அந்தச் சீரகக் கோடுகள் எரிந்துகொண்டே இருந்தன. பதினோரு வருஷத்தில் முதல் கோடுகள். அவற்றைப் பார்க்கப் பார்க்கத் தாங்கிக்கு உள்ளே குறுகியது. இங்கிருந்து போனால் இதுதான் அதன் பேரில் கடைசியாக நிற்கும்.

"எதிரெடையே" என்று அழைத்தது. "நீ முன்பு கிரேனில் இருந்தவன்தானே. அங்கே பெருமை எதில்?"

"சரக்கு பத்திரமா எறங்குறதுல" என்றது எதிரெடை. "கிரேன் மூக்க தூக்கியும் நிக்கும், தாழ்த்தியும் நிக்கும். அத எவன்வே பாக்கான்."



மறுநாள் அமலோற்பவம் பெட்டியை எடுத்தாள். தாங்கியை உள்ளே வைக்கப் போனவள், மனசு கேட்காமல், கடைசியாக ஒரு தடவை என்று போல்ட்டில் ஸ்பானரை வைத்தாள். போல்ட் வெண்ணெய் போலச் சுற்றிவந்தது. பதினெட்டில் வந்து முட்டியபோது, முந்தின நாள் இருந்த விறைப்பு அதில் இல்லை. அவள் தாங்கியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே விடாமல் தடுத்தது வார்ப்பிலேயே இருந்த ஒரு முனைதான். "நீ வர்ற வரைக்கும் வந்துட்ட. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று அதனிடமே சொல்லிவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

பட்டறையில் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த இரும்புக் கட்டை ஒன்றைக் கடைந்து எடுத்தாள். பத்து டிகிரி சரிவு. அதை முக்காலிக்கும் தாங்கிக்கும் நடுவில் வைத்து முடுக்கினாள். தாங்கி வடக்கு நோக்கிச் சாய்ந்தது, ஏறக்குறையப் படுத்தேவிட்டது. எதிரெடை முக்காலியின் காலில் இடிக்குமோ என்று பார்த்தாள். கட்டையின் உயரத்தில் அது விலகிச் சுற்றியது.

சனிக்கிழமை பொழுது சாயும்போது எல்லாவற்றையும் உப்பளத்துக்குக் கொண்டுபோனார்கள். மாலைக் காற்று பலமாக அடித்தது. வீட்டு உயரத்துக்கு உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்த அம்பாரத்தின் மறைவில் முத்துக்கிளி இடம் பார்த்து வைத்திருந்தாள். அமலோற்பவம் முக்காலியை ஊன்றினாள். குழலையும் எடையையும் முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் பார்த்தாள். சமன் வந்த பிறகு எடையைக் கொஞ்சம் நகர்த்தி, கிழக்குப் பக்கம் சிறிது கனம் இருக்கும்படி விட்டாள். அப்போதுதான் பற்சக்கரத்தின் பல் ஒன்றையொன்று விடாமல் ஓடும் என்பது கிரேனில் அவள் கற்ற பாடம்.

இருட்டியது. தாங்கியின் அச்சுக்குள்ளே பார்க்க ஒரு சின்னக் கண் உண்டு. அதன் வழியே தாங்கி துருவ நட்சத்திரத்தைத் தேடியது. பழக்கத்தில் அதன் மனம் உயரத்துக்கே போனது. அங்கே இல்லை. வடக்கே, வரப்புக்குக் கொஞ்சம் மேலே, கடல் மூட்டத்துக்குள் மங்கலாக ஒரு புள்ளி.

"நீயா?" என்றது தாங்கி. "இவ்வளவு கீழே இறங்கிவிட்டாயே."

"நான் எங்கும் இறங்கவில்லை" என்றது துருவ நட்சத்திரம். "நீதான் தெற்கே வந்திருக்கிறாய். என் பக்கம் நீ நன்றாகவே பார்த்தாயிற்று. இன்றைக்கு மறுபக்கத்தைப் பார்."

அமலோற்பவம் பக்கத்துத் திருகுகளைத் தொட்டுத் தொட்டு நகர்த்தினாள். ஒரு படம் எடுத்துப் பார்ப்பாள், கால் சுற்றுச் சுற்றுவாள், மறுபடி எடுப்பாள். முதல் படத்தில் நட்சத்திரங்கள் நெல்லாக இருந்தன. அடுத்ததில் கேழ்வரகு. ஆறாவது படத்தில் ஊசிமுனை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பிறகு குழலைத் தெற்கே திருப்பினாள்.

அடிவானத்துக்கு மேலே, தாங்கி இதுவரை கண்டிராத ஒன்று இருந்தது. வெறும் கண்ணுக்கு மங்கிய ஒற்றை நட்சத்திரம். குழலுக்குள்ளோ கொட்டி வைத்த உப்பு மாதிரி, எண்ணவே முடியாத நட்சத்திரங்களின் திரள். அது தாங்கி பிறந்த ஊரில் எந்தக் காலத்திலும் உதிப்பதில்லை. எவ்வளவு நிமிர்ந்து நின்றாலும் அங்கே தெரியாது.

"இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னது குழல். "நீ மட்டும் விட்டுவிடாதே."

"விடமாட்டேன்" என்றது தாங்கி.

ஒன்றரை மணி நேரம் அது விடவில்லை. இடையில் காற்று திசை மாறி அம்பாரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. முத்துக்கிளி சொல்லி அனுப்ப, பக்கத்து வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து, உப்பை மூடும் தார்ப்பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை கடுத்தபோது ஆள் மாற்றிக்கொண்டார்கள். பாயைக் கீழே போடவில்லை. பூமி கிழக்கே உருண்டுகொண்டிருந்தது. தாங்கி அதற்கு ஈடாக, யார் கண்ணுக்கும் தெரியாத வேகத்தில், மேற்கே திருப்பிக்கொண்டிருந்தது. நாற்பது படங்கள். ஒன்றிலும் கோடு இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இரவோடிரவாக அச்சிட்ட அந்தப் படம் கூடத்தின் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டப்பட்டிருந்தது. பெண்கள் அதன் முன்னால் கூடி நின்றார்கள்.

"ஏக்கா, மாசி மாசம் விடியும் முன்ன உப்பு வாரப் போகையில, தெக்க மங்கலா ஒரு வெள்ளி தெரியுமே" என்றாள் முத்துக்கிளி. "அதா இது?"

"அதேதான். ஒரு வெள்ளி இல்ல, கோடி வெள்ளி."

"அப்பம் இத்தன வருசமா கோடி பேரு நம்ம வேலயப் பாத்துக்கிட்டு இருந்திருக்காவ" என்றாள் முத்துக்கிளி. அதைச் சொல்லும்போது அவள் முதுகு நேரானது.

விழாவுக்கு வந்திருந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் வானியல் தெரிந்தவர். படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். வாசலில், மாலையில் நிலவு காட்டுவதற்காக நிறுத்தியிருந்த கருவியிடம் போனார். தாங்கியைச் சுற்றிவந்தார். அதன் பெயர்த்தகட்டைப் படித்ததும் புருவம் சுருங்கியது. இந்த வகைத் தாங்கி பதினெட்டுக்குக் கீழே வராதே, கையேட்டிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறதே என்று கேட்டார்.

"கையேடு எழுதினவங்க தூத்துக்குடிக்கு வந்ததில்ல சார்" என்றாள் அமலோற்பவம். "இது வந்துருக்கு."

அதற்குள் பிறை மேற்கே தெளிந்துவிட்டது. வரிசையில் அறுபது பெண்கள் நின்றார்கள். முதலாவதாக நின்றவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழலருகே வந்தாள். தாங்கி, குனிந்த தலை குனிந்தபடி, அவள் ஆற அமரப் பார்த்து முடிக்கும்வரை நிலவை நிறுத்தி வைத்திருந்தது.